திரும்பக் கிணற்றில் போட்ட சேறு

பாட்டில்கள் அன்றைக்கும் அப்படியேதான் இருந்தன. ஷூ டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன். முந்தின நாளும் அதைத்தான் செய்திருந்தேன். ஒன்றும் மாறவில்லை என்பதைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவது ஒரு வேலை என்றால், எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம் முழுக்க நான் பார்த்த வேலை அதுதான்.

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் வரும் திசையை எட்டி எட்டிப் பார்த்தே செருப்பைத் தேய்க்கிற ஆள். சோறு கொதிக்கும்போதே மூடியைத் திறந்து பார்த்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள். அப்படிப்பட்ட என் கையில், உலகத்திலேயே மெதுவாகச் சாப்பிடுகிற உயிர்கள் வந்து மாட்டின. நான் தேடிப் போகவில்லை. அவை அக்கா வீட்டுக் கிணற்றுக்குள் இருந்தன.

அக்கா வீடு, திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி போகிற ரோட்டில், டவுன் முடிகிற இடத்தில் இருந்தது. கல்யாணத்தின்போது அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்த இடம். ஒரு வீடு, ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி அவள் வைத்த மல்லிகைச் செடிகள். காலேஜ் பக்கம் என்பதால் நான் அங்கேதான் தங்கிப் படித்தேன். விடியக்காலையில் மொட்டு பறித்து, பையில் போட்டு, அவளே பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். யாரிடமும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் அவள் செய்கிற ஒரே வேலை அது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். ஒருநாள் அங்கே பழைய டேங்க்கைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுசு புதைத்தார்கள். பழையது அடியில் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது. எவ்வளவு காலமாக ஒழுகியதென்று பங்க்காரருக்கே தெரியாது. கிணற்றுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முன்னாலேயே வாளித் தண்ணீரில் வானவில் மாதிரி ஒரு படலம் மிதக்க ஆரம்பித்திருந்தது. குடிப்பதை நிறுத்தினோம். பிறகு குளிப்பதை. செடிக்கு மட்டும் அக்கா விட்டுக்கொண்டிருந்தாள்.

அதுவும் மார்க்கெட்டில் ஒருநாள் முடிந்தது. பூக்கடைக்காரர் ஒரு கை மல்லியை அள்ளி முகத்துக்குக் கொண்டுபோனவர், நிமிர்ந்து, "ஏத்தா, பூவைப் பையில கொண்டாந்தியா, பெட்ரோல் லாரியில ஏத்திக் கொண்டாந்தியா?" என்று கேட்டிருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். வாடை பூவில் இருந்ததா, அவள் கையில் இருந்ததா, யார் கண்டது. அன்றோடு அக்கா கிணற்றைத் தொடவில்லை. தெருக் குழாயில் பிடித்த தண்ணீரை இடுப்பில் சுமந்து செடிகளை உயிரோடு வைத்திருந்தாள். பூக்க அது போதாது. சாகாமல் இருக்கப் போதும். அவள் முகமும் அந்தச் செடிகள் மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்கூலில் பி.டி. வாத்தியார். எதையும் விசில் அடித்து முடித்துவிடப் பார்க்கிறவர்.

"மே மாச லீவுல மூடிருவோம். மேல ரெண்டு கடையைக் கட்டி விட்டா வாடகை வரும்."

"மூடுனா மூடுனதுதான்," என்றாள் அக்கா. "பெறகு தோண்டவா போறீங்க?"

"இந்தத் தண்ணியை வச்சு என்ன செய்யப் போற? வண்டிக்கா ஊத்தப் போற?"

நான்தான் இடையில் புகுந்தேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "மூடாதீங்க மாமா. பெட்ரோலைத் திங்கிறதுக்கு அடியில ஆள் இருக்கு."

மாமா கிணற்றை எட்டிப் பார்த்தார். "யாரு? கூப்புடு பாப்போம்."

அவரை உட்காரவைத்து மூச்சுவிடாமல் சொன்னேன். பெட்ரோலில் டொலுவீன், பென்சீன் என்று தண்ணீரில் கரையக்கூடிய சில பொருட்கள் இருக்கின்றன. ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் நிறைய நுண்ணுயிர்கள் அவற்றைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆக்சிஜனையே உளியாக வைத்து உடைத்துவிடும். ஆனால் நிலத்தடிச் சேற்றில் ஆக்சிஜன் முதல் விருந்திலேயே தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு அங்கே பிழைப்பவை வேறு ஆட்கள். அவை நைட்ரேட்டை, இரும்புத் துருவை, கடைசியில் சல்பேட்டைச் சுவாசிக்கும். உளி இல்லாததால் டொலுவீனை நேராக உடைக்க முடியாது. முதலில் அதோடு இன்னொரு சின்ன மூலக்கூறை ஒட்டவைத்து, கைப்பிடி மாதிரி ஆக்கிக்கொண்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கும். சல்பேட்டுக்கு நம் ஊர் உப்புக் கரிக்கிற சப்பைத் தண்ணியில் என்ன பஞ்சம்? இட்லி வேகவைக்கிற பாத்திரத்தில் படிகிற வெள்ளைக் காறையைப் பார்த்தாலே தெரியாதா?

"எம்புட்டு நாளாகும்?" என்று மட்டும் கேட்டார்.

"மெதுவாத்தான் மாமா திங்கும்."

"ஒங்கக்கா மாதிரி." அக்கா கையில் இருந்த துணியை அவர் மேல் எறிந்தாள். ஆனால் அவர் ஒத்துக்கொண்டார். மே மாதம் வரை. அதற்குள் நான் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும்.

சேறு எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அந்த வருஷம் மழை இல்லாமல் தண்ணீர் அடியில் கிடந்தது. கிணற்றுக்குள் ஆள் இறங்கினால் வாடையில் மயங்கிவிடும் என்று பயம். ஒரு இரும்புக் குழாயில் கயிற்றைக் கட்டி, ஸ்கூலில் ஈட்டி எறியச் சொல்லிக் கொடுக்கிற மனுஷன், மேலே இருந்து நேராக உள்ளே விட்டார். சேற்றில் குத்தி நின்ற குழாயை இழுத்தபோது வாயில் கறுப்பாகச் சேறு அடைத்துக்கொண்டு வந்தது. கூமுட்டை நாற்றம். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. சல்பேட்டைச் சுவாசிக்கிறவை வெளியே விடுகிற வாயுவின் நாற்றம் அது. அந்தக் கறுப்பும் அதனால் வந்ததுதான். அந்த வாயு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கழுவி வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலில் காற்று புகாமல் சேற்றையும் தண்ணீரையும் தளும்பத் தளும்ப அடைத்து மூடினேன்.

அதற்கப்புறம் பாட்டில் பாட்டிலாகப் பிரிக்க வேண்டும், காற்றே படாமல். வெளிநாட்டில் அதற்கென்று கண்ணாடிக் கூண்டு இருக்கிறதாம். எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு மின்விசிறி இருந்தது, அதுவும் சுற்றாது. என் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த மேடம், மாட்டாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். சினை ஊசிக்காக அங்கே திரவ நைட்ரஜன் வைத்திருப்பார்கள். அது ஆவியாவதை எதில் பிடித்து வருவது? மாமா ஸ்கூலிலிருந்து பழைய ஃபுட்பால் பிளாடர் ஒன்றைக் கொண்டுவந்தார். உப்பிய பிளாடரை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் நின்று பார்த்தார்.

"என்னம்மா, எந்த ஊர்ல மேட்ச்சு?"

"இது காத்து இல்லண்ணே, நைட்ரஜன்."

"அதுவும் காத்துதானம்மா. லக்கேஜ் போடணுமா வேணாமா, அதச் சொல்லு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இறங்கும்போது பிளாடர் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

குளுக்கோஸ் பாட்டில்களில் சேறும் கிணற்றுத் தண்ணீரும் போட்டு, மேலே நைட்ரஜனை ஓட்டி, ரப்பர் மூடியை அழுத்தி, ஊசியால் ஒரு துளி டொலுவீன் விட்டேன். சில பாட்டில்களின் சேற்றை முன்னாலேயே அதிக அழுத்த ஆவியில் வேகவைத்துக் கொன்றிருந்தேன். உயிர் உள்ள சேற்றில் மட்டும் டொலுவீன் குறைந்து, செத்த சேற்றில் குறையாமல் இருந்தால், தின்றது நுண்ணுயிர்தான் என்று ஆகும். எல்லாவற்றிலும் ஒரு சாயம் உண்டு. ஆக்சிஜன் இருந்தால் ரோஸ், இல்லாவிட்டால் நிறமே இல்லை. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் ஷூ டப்பாவில் வைத்து மூடினேன்.

பிறகு ஒன்றுமே நடக்கவில்லை.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒன்றும் நடக்காததற்கு அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது. ஒரு வாரம் ஒரு பாட்டில் ரோஸ் ஆனது, மூடி வழியே காற்று புகுந்துவிட்டது, அது போச்சு. இன்னொரு வாரம் பெருக்குகிறவர் டப்பாவை வெயிலில் எடுத்து வைத்துவிட்டார். மாட்டாஸ்பத்திரிக்கு மறுபடி போனால் நைட்ரஜன் லாரி வரவில்லை என்பார்கள். ஊசியால் சொட்டுத் தண்ணீர் எடுத்து சல்பேட் அளப்பேன், அது குறைந்தால் அவை தின்கின்றன என்று அர்த்தம். கரண்டு போகும். வரும். மறுபடி அளப்பேன். அதே அளவு. சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிக்கொண்டு வருவேன். வீட்டு வாசலில் மாமா நிற்பார்.

"ஏ புள்ள, ஒன் பூச்சி இன்னைக்காச்சும் சாப்டுச்சா?"

"பூச்சி இல்ல மாமா, பாக்டீரியா."

"சரி, அது சாப்டுச்சா? தொட்டுக்க வெஞ்சனம் எதுவும் வேணும்னா ஒங்கக்காகிட்டச் சொல்லு."

அக்கா மட்டும் கேட்கவே மாட்டாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காகவே சில நாள் லேட்டாக வந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கின சமயத்தில், டப்பாவைத் திறந்தபோது உயிர்ச்சேற்று பாட்டில்களின் கண்ணாடி ஓரம் மை தீற்றினாற்போலக் கறுத்திருந்தது. செத்த பாட்டில்களின் கண்ணாடி அப்படியே தெளிவாக இருந்தது. சல்பேட் அளந்தேன். குறைந்திருந்தது. மேடத்திடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கறுத்தா போதுமா? டொலுவீன் கொறஞ்சிருக்கான்னு பாக்கணும்ல" என்றார். அதை அளக்கிற கருவி மதுரையில் ஒரு ஆய்வகத்தில் இருந்தது. அவர் பேசிப் பேசி, தவக்காலத்தின் கடைசி வாரமான பெரிய வாரத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. தோழி ஒருத்தியின் ரூமில் தங்கி, கருவி காலியாகும்வரை வராந்தாவில் காத்திருந்து, ஒவ்வொன்றாக ஓட்டினேன். உயிர்ச் சேற்றில் டொலுவீன் முக்கால்வாசி காணோம். செத்த சேற்றில் அப்படியே இருந்தது.

பென்சீன் மட்டும் தொட்டதாகத் தெரியவில்லை. பிடிவாதக்காரப் பொருள் அது, உடம்புக்கு ரொம்பக் கெடுதலும்கூட. அதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்று பஸ் ஏறினேன். ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலை. அக்காவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் ஒரு டிராக்டர் லோடு இடிசல் கல் கொட்டிக் கிடந்தது. பின்னால் போனால், கிணற்று மேட்டில் ஆள் உயரத்துக்குச் சேறு. வெயிலில் காய்ந்து மேலே பழுப்பாக வெடித்திருந்தது. பக்கத்தில் அக்கா, சேலையைச் செருகிக்கொண்டு, சேறு தெறித்த முகத்தோடு சிரித்தபடி நின்றாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

"எல்லாக் கருமத்தையும் எடுத்தாச்சுடி," என்றாள்.

எங்கள் பக்கம் வழக்கம் அது. பெரிய சனி இரவுப் பூசையில் புதுத் தண்ணீர் மந்திரிப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் தெளித்து, கிணற்றிலும் கொஞ்சம் ஊற்றுவது. அழுக்குக் கிணற்றில் மந்திரித்த தண்ணீரை ஊற்றக் கூடாது. கூமுட்டை நாற்றம் அடிக்கிற கறுப்புச் சேறுதான் கிணற்றைக் கெடுத்தது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. மூக்கு உள்ள யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதோடு என் ஆராய்ச்சிக்கும் உதவியாக இருக்கட்டுமே என்று. நான் திரும்பி வருவதற்குள் முடித்து, ஆச்சரியப்படுத்த வேண்டுமென்று, ரெண்டு நாளாக மோட்டார் வைத்து மொத்தத் தண்ணீரையும் இறைத்து, ஆள் விட்டுத் தூர் வாரியிருக்கிறாள். உள்ளே காற்று எப்படியென்று விளக்கு இறக்கிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னாராம். பெட்ரோல் கிணற்றில் விளக்கு! மாமா கத்திய கத்தலில் பங்க்கிலிருந்து ஆள் ஓடி வந்ததாம். அப்புறம் வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி இறக்கி வெகுநேரம் விசிறி, ஆள் மாற்றி ஆள் கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமாக இறங்கி, முடித்திருக்கிறார்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். புதுத் தண்ணீர் ஊறியிருந்தது. பங்க் பக்கத்துச் சுவரிலிருந்துதான் அதிகமாகக் கசிந்துகொண்டிருந்தது. மேலே வானவில் படலம் முன்னைவிடத் தடிமனாக. வாடை கண்ணைக் கரித்தது. இருந்த தண்ணீரை மொத்தமாக இறைத்ததும், பங்க்குக்கு அடியில் மண்ணுக்குள் தேங்கிக் கிடந்தது இந்தப் பக்கம் இழுபட்டு வந்திருக்கிறது.

"முதல்ல அப்படித்தான் இருக்கும், இல்லடி? தெளிஞ்சிரும்ல?" அக்கா என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஏதாவது தப்பாப் போச்சா?"

சொல்ல வேண்டியிருந்தது. தின்கிறவர்கள் அந்தச் சேற்றில்தான் இருந்தார்கள் என்று. மதுரை முடிவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவள் அழவில்லை. காய்ந்த சேற்றின் மேல் அப்படியே உட்கார்ந்தாள்.

"நல்லதை அள்ளிப் போட்டுட்டு கெட்டதை உள்ள விட்டுருக்கேன்."

"எல்லாமே போகலக்கா. வெளிய மண்ணுக்குள்ளயும் இருக்கும்."

"கெணத்தை மூட அந்தக் கல்லை நான்தாண்டி எறக்கச் சொன்னேன்," என்றார் மாமா, யாரும் கேட்காமலே. "லீவு வருதுல்ல." குரலில் விசில் சத்தம் இல்லை. "போதும் தாயி. நீயும் அலைஞ்சு பாத்துட்ட. அவளும் சொமந்து பாத்துட்டா."

நான் தரையில் கிடந்த கம்பை எடுத்துச் சேற்றைக் குத்தினேன், வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல். பழுப்புத் தோல் விரல் தடிமன்தான் இருந்தது. உடைத்துக்கொண்டு உள்ளே போனால் ஈரம். கறுப்பு. கூமுட்டை.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "திருப்பிப் போட்டுப் பாரு. இனிமே கெடுறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

தூர் வாரினவர்கள் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். "எடுக்கத்தான் வருவோம், போட வரமாட்டோம். ஊரு சிரிக்கும்." ஆகவே நாங்கள் மூன்று பேரும்தான். மேல்தோலைச் சீவித் தள்ளிவிட்டு, உள்ளே கறுப்பாக இருந்ததை மட்டும் கூடையில் அள்ளி, கயிற்றில் இறக்கி, தண்ணீருக்கு அடியில் போனபிறகு கவிழ்க்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் காற்றை இழுத்துக்கொண்டு போகும். வெயில் முதுகில் இறங்கியது. ஒரு கூடை, இன்னொரு கூடை. உள்ளங்கை கொப்புளித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் போட வந்தவர்களெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏண்ணே, தூர் எடுக்குறீகளா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லப்பா," என்றார் மாமா, கயிற்றை விடாமல். "எடுத்ததைத் திருப்பிக் குடுக்குறோம்."

பொழுது சாயும்போது நிறுத்தினோம். பாதிகூடப் போடவில்லை, ஆனால் கை ஓய்ந்துவிட்டது. மறுநாள் காலை அக்கா மந்திரித்த தண்ணீர் பாட்டிலோடு கிணற்று மேட்டில் நின்று தயங்கினாள். "சேத்துக் கெணத்துல ஊத்தலாமாங்க?"

"ஊத்து. ஆண்டவரும் ஒந்தங்கச்சி பூச்சியும் பேசிக்கிடட்டும்."

ஊற்றினாள். அவ்வளவுதான் அந்த ஈஸ்டர். மூன்று பேரும் பிரியாணியைத் தட்டில் வைத்துக்கொண்டே தூங்கி வழிந்தோம்.

மே மாதம் வந்தது. மாமா கல்லைத் தொடவில்லை. கேட்டால், "டிராக்டர்காரன் ஊர்ல இல்ல" என்பார். ஜூனில், "ஸ்கூல் தொறந்துருச்சு, அப்பறம் பாப்போம்" என்றார். கல்லின் இடுக்கில் எருக்கு முளைத்தது. அக்கா குடம் சுமப்பதை விடவில்லை. சில செடிகள் போய்விட்டன.

நான் பாஸ் செய்து, ஒரு பால் கம்பெனியில் சோதனைக்கூட வேலைக்குப் போனேன். பாலில் நுண்ணுயிர் இருக்கிறதா என்று பார்த்து, அதிகம் இருந்தால் திருப்பி அனுப்புகிற வேலை. சாயங்காலம் வந்து பையை வைத்ததும் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து மோந்து பார்ப்பேன். பெட்ரோல். மறுநாளும் பெட்ரோல். ஒரு கட்டத்தில் வாடை குறைகிறதா, என் மூக்கு மரத்துப்போகிறதா என்றே தெரியாமல் போய்விட்டது. மோந்து பார்ப்பதையும் விட்டேன். அலுப்பாக இருந்தது. கட்டிலில் விழுந்தால் பால் வாடையோடு தூக்கம் வரும்.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஏமாற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து படுத்தவளை அக்கா வந்து உலுக்கினாள். "ஏடி, எந்திரி. வந்து மோந்து பாரு."

கிணற்று மேட்டில் குழாயும் கயிறும் கிடந்தன. அவளே விட்டு இழுத்திருக்கிறாள். குழாயின் வாயில் கறுப்புச் சேறு. குனிந்தேன். கூமுட்டை நாற்றம் மண்டையில் ஏறியது.

"நாறுதுல்ல?" என்றாள். "நல்லா நாறுதுல்ல?"

வாளித் தண்ணீரில் படலம் இல்லை. பெட்ரோல் வாடை தேடினால்தான் தெரிந்தது. பழைய லேபுக்குக் கொண்டுபோய் மேடத்தின் தயவில் சோதித்தேன். டொலுவீன் வெகுவாகக் குறைந்திருந்தது. பென்சீன் கொஞ்சம் மிச்சம். செடிக்கு விடலாம், வாயில் வைக்கக் கூடாது என்றார் மேடம். இதில் மழை செய்தது எவ்வளவு, மண்ணுக்குள் ஏற்கெனவே இருந்தவை தின்றது எவ்வளவு, நாங்கள் திருப்பிப் போட்ட சேறு தின்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. அதற்கு இன்னொரு கிணறு வேண்டும், சேறே போடாத கிணறு. அக்காவிடம் அதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து மிச்சமிருந்த செடிகளின் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தாள். கவாத்து பண்ணிவிட்டால் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். துளிர் வரும், மொட்டு வரும், பையைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்காரரிடம் போக வேண்டும்.

மாமா மம்பட்டியோடு வாசலில் நின்றார். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் முற்றத்தை மேடாக்க வேண்டுமாம். எருக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கிணற்றை மூடவென்று இறக்கிய இடிசல் கல்லைக் கூடையில் அள்ள ஆரம்பித்திருந்தார்.

"ஏ புள்ள, அந்த மிச்சத்தை ஒன் பூச்சி எப்பத் திங்குமாம்?"

"அது லேட்டாகும் மாமா."

"எம்புட்டு லேட்டு?"

"தெரியாது மாமா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ரெண்டு வருசம் படிச்சிருக்க," என்றார். "சரி, வா. இந்தப் பக்கம் புடி."

கூடையின் மறுகாதைப் பிடித்துத் தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது.